வீட்டில் பிள்ளை பார்ப்பவர்களுக்கு: டைல்ஸ் தரையும் சப்பாத்து விதியும்

சகோதரி, உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் செந்தூலில் தரைவீட்டில் ஆறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறீர்கள். கடைக்குட்டிக்கு எட்டு மாதம், மற்ற ஐந்து பேரும் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள். வீடு முழுக்க இரண்டடிக்கு இரண்டடி பளபளப்பான டைல்ஸ். ஒரு தாய் தரை கல்லாக இருக்கிறது, கார்ப்பெட் போடுங்கள் என்கிறார். இன்னொரு தாய் வெறுங்காலில் விட்டால் சளி பிடிக்கும், வீட்டுக்குள் போட்டுக்கொள்ளத் தனிச் சப்பாத்து வாங்கித் தருகிறேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தாய்மாருக்கும் உள்ள கவலை ஒன்றுதான்: இந்தத் தரையில் என் பிள்ளைக்கு அடிபடுமா, நோய் வருமா? அதற்குத்தான் பதில் சொல்கிறேன். கார்ப்பெட் வேண்டாம். நடைபழகும் பிள்ளைக்கு வீட்டுக்குள் சப்பாத்தும் வேண்டாம். டைல்ஸை மாற்றவும் வேண்டாம். உங்கள் கவனம் போகவேண்டிய இடங்கள் இரண்டு: தரையில் தேங்கும் ஈரம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பெரியவர்களின் கால்.

முதலில் தரையின் கடினம். நடைபழகும் பிள்ளை விழத்தான் செய்யும். 2012-இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 முதல் 19 மாதப் பிள்ளைகளை இஷ்டம்போல் விளையாடவிட்டுக் கணக்கெடுத்தபோது, மணிக்குச் சராசரியாக 17 தடவை விழுந்தார்கள். தன் உயரத்திலிருந்து புட்டம் தரையில் படும்படி உட்காரும் அந்த விழுதல் பெரும்பாலும் அழுகையோடு முடிந்துவிடும். பலத்த அடி வேறு இடங்களிலிருந்து வருகிறது: கட்டிலிலிருந்தும் சோபாவிலிருந்தும் உருளுவது, மேசை முனையில் நெற்றி மோதுவது, அறைக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள படியின் விளிம்பு, எல்லாவற்றுக்கும் மேலாக, தூக்கி வைத்திருக்கும் பெரியவர் வழுக்கி விழுவது. இந்தக் கடைசி ஒன்றில் பிள்ளை நான்கடி உயரத்திலிருந்து, பெரியவரின் எடையும் சேர்ந்து, தரையில் மோதுகிறது. ஆகவே பெம்பர்ஸ் (டயப்பர்) மாற்றுவதைக் கட்டில்மேல் செய்யாதீர்கள். தரையில் பாய் விரித்துச் செய்யுங்கள். தரையில் இருக்கும் பிள்ளை அதற்குக் கீழே விழ இடமில்லை. தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வழக்கமில்லாத நேரத்தில் தூங்கி வழிந்தால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால், காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ நீரோ இரத்தமோ வந்தால், உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஒரு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை உயரத்திலிருந்து விழுந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது. பெற்றோருக்கும் அப்போதே சொல்லிவிடுங்கள். சாயந்திரம் வரட்டும் என்று வைத்திருக்காதீர்கள்.

கார்ப்பெட்டை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், கோலாலம்பூரின் காற்றில் ஆண்டு முழுக்க ஈரம் அதிகம். சுவரோடு சுவராக ஒட்டிய கார்ப்பெட்டில் பால், வாந்தி, சிறுநீர் எது விழுந்தாலும் அடிவரை இறங்கிவிடும், மேலே துடைத்தால் போகாது. ஈரக் காற்றில் தூசிப் பூச்சிகள் பெருகும். இழுப்பு உள்ள பிள்ளைக்கு அது நேரடியான தொல்லை. டைல்ஸின் மிகப் பெரிய நன்மையே, எதையும் முழுமையாகத் துடைத்து எடுத்துவிட முடியும் என்பதுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டைல்ஸ்மேல் வினைல் பலகை ஒட்டினால் பாதுகாப்பு கூடும் என்று கடைக்காரர் சொன்னாலும் அவசரப்படாதீர்கள். நான்கைந்து மில்லிமீட்டர் பலகை காலுக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும், ஆனால் தலை மோதினால் அதுவும் கடினத் தரைதான். அழகுக்கு வேண்டுமானால் போடுங்கள், அடிக்கு அது மருந்தில்லை.

உங்கள் டைல்ஸில் ஒரு காரியத்தை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள். துடைப்பக் கட்டையின் முனையாலோ ஒரு நாணயத்தாலோ ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிக்கொண்டே போங்கள், நடுவிலும் நான்கு மூலையிலும். ‘டொக்’ என்று உள்ளே காலியாகக் கேட்டால் அடியில் சிமெண்ட் பிடிப்பு விட்டிருக்கிறது. இடைவெளி விடாமல் நெருக்கி ஒட்டிய தரையில், வெப்பநிலை மாறும்போது அப்படிப்பட்ட டைல்ஸ் திடீரென்று வெடித்துக் கூடாரம் மாதிரி எழும்பும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இது அடிக்கடி நடப்பதுதான். உடைந்த ஓரம் கண்ணாடி போலவே வெட்டும். காலியாகக் கேட்கும் இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, அங்கே தொட்டிலையும் பாயையும் வைக்காமல், ஆள் வைத்து மாற்றுங்கள். மூலை உடைந்த டைல்ஸையும் அப்படியே விட்டுவைக்காதீர்கள். தவழும் பிள்ளையின் முழங்கால் அதைத்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

இனி ஈரம். பளபளப்பான டைல்ஸ் காய்ந்திருக்கும்போது வெறுங்காலுக்கு நல்ல பிடி கொடுக்கும். ஒரு கரண்டி தண்ணீர் பட்டால் அந்தப் பிடி போய்விடும். உங்கள் தரை எந்த அளவு வழுக்கும் என்பதை எழுத்தில் பார்த்து யாரும் சொல்ல முடியாது, நீங்களே சோதிக்கவேண்டும். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் அரைக் குவளைத் தண்ணீரை ஊற்றிப் பரப்பி, ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலின் குதிகாலை முன்னே தள்ளிப் பாருங்கள். குதிகால் நிற்காமல் வழுக்கி ஓடினால் அந்த டைல்ஸ் குளியலறை வாசலுக்கும், தண்ணீர் குடிக்கும் மூலைக்கும், முன்வாசலுக்கும் உகந்ததல்ல. புதிதாக டைல்ஸ் வாங்குகிறவர்கள் ஈரம் படும் இடத்துக்கு, வழுக்காமையைக் காட்டும் எண் ஆர்10 அல்லது அதற்கு மேல் என்று கேட்டு வாங்கலாம். ஆர்9 என்பது அந்த அளவுகோலின் அடிமட்டம். அந்த எண் பெட்டியிலோ விவரத்தாளிலோ இருக்கும். ஆனால் அது சப்பாத்து போட்ட காலை வைத்து, எண்ணெய் ஊற்றிய சரிவில் செய்யும் சோதனை. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று வேறு வரிசை உண்டு, குளியலறைக்கு பி போதும்.

நம் வீடுகளில் தண்ணீரைவிட மோசமானது எண்ணெயும் பவுடரும். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, குளிப்பாட்டி, தோளில் போட்டுக்கொண்டு அறைக்கு வருகிறோம். வழியெல்லாம் சொட்டு விழுகிறது, காலிலும் ஒட்டியிருக்கிறது. பிறகு பவுடர் போடுகிறோம், அது டைல்ஸில் படிந்து, மேலே காலுறை போட்ட பிள்ளை ஓடுகிறது. குளியலறை வாசலுக்கு வெளியே ஒரு எட்டு தூரத்துக்குள் துண்டு, மாற்றுத் துணி, பெம்பர்ஸ் எல்லாம் எட்டும்படி வைத்து, துடைப்பதையும் உடுத்துவதையும் அங்கேயே பாய்மேல் முடித்துவிட்டால் ஈரக்காலோடு தூக்கி நடக்கும் வேலையே இருக்காது. பவுடரை விட்டுவிடலாம், மூச்சுக்கும் அது நல்லதில்லை. வாசலில் பழைய துண்டை மடித்துப் போட்டுக் கால்மிதி ஆக்குகிற பழக்கத்தை நிறுத்துங்கள். டைல்ஸில் அது காலோடு சேர்ந்தே நகரும். அடியில் ரப்பர் உள்ள கால்மிதிதான் வேண்டும். அந்த ரப்பரும் வெயிலில் காயப்போட்டுக் காயப்போட்டு வெடித்து உதிரும். மாதம் ஒரு முறை புரட்டிப் பார்த்து, விரலால் தேய்த்தால் துகள் வந்தால் மாற்றிவிடுங்கள்.

மொப் போடும் நேரமும் அளவும் முக்கியம். தரைக் கழுவியைக் கூடுதலாக ஊற்றினால் மணம் அதிகம் வரும், சுத்தம் அதிகம் ஆகாது. மிச்சம் மெழுகுபோலப் படிந்து அடுத்த தடவை ஈரம் படும்போது வழுக்கும், தூசியையும் பிடித்துக்கொள்ளும். போத்தலில் எழுதிய அளவே போதும். பிள்ளைகள் தூங்கும் வேளையில் அல்லது எல்லாரும் போன பிறகு, நன்றாகப் பிழிந்த மொப்பில் துடைத்து, மின்விசிறி போட்டு முழுக்கக் காயவிடுங்கள். இன்னொன்று: பகல் முழுக்க ஏர்கோன் ஓடி, சாயந்திரம் மழை பெய்யும்போது அதை நிறுத்திக் கதவைத் திறந்தால், வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த டைல்ஸில் பட்டுப் பனித்துளியாகப் படியும். யாரும் எதையும் கொட்டவில்லையே, தரை ஏன் ஈரமாக இருக்கிறது என்று தேடவேண்டாம். அந்த நேரத்தில் மின்விசிறியும் ஒரு காய்ந்த மொப்பும் தயாராக இருக்கட்டும். பெற்றோர் பிள்ளையை எடுக்க வரும் நேரமும் அதுவேதான்.

அப்படியானால் மெத்தைப் பாய் வேண்டாமா என்றால், ஓரிடத்தில் வேண்டும். தவழும், உட்காரப் பழகும் பிள்ளைகளுக்கு ஒரு மூலையில், இரண்டு அல்லது மூன்று பக்கம் சுவரை ஒட்டி, 1 முதல் 2 சென்டிமீட்டர் தடிமனில் நுரைப்பாய் போடுங்கள். வீடு முழுக்க வேண்டாம். 4 சென்டிமீட்டர் பாய் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் புதிதாக நடக்கும் பிள்ளைக்குக் கால் அமுங்கித் தள்ளாடும், அதன் விளிம்பே தடுக்கும். மடிக்கும் ஒரே பாய், துண்டு துண்டாகக் கோத்துப் போடும் பஸிள் பாயைவிட நல்லது. பஸிள் பாயின் இடுக்குகளில் பாலும் சிறுநீரும் இறங்கி, அடியில் டைல்ஸில் வழவழப்பாகப் படியும். சில நாளில் கறுப்புப் பூஞ்சையும் எறும்பும் வரும். எந்தப் பாயானாலும் வாரம் ஒரு முறை முழுக்கத் தூக்கி, இரண்டு பக்கமும் சோப்புத் தண்ணீரில் துடைத்து, தரையையும் துடைத்து, நிழலில் காயவைத்துத்தான் திரும்பப் போடவேண்டும். நேர் வெயிலில் வைத்தால் சுருங்கி இணைப்பு பொருந்தாது. எழுத்தும் எண்ணும் தனியாகக் கழன்று வரும் பஸிள் பாயை மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் போடவே கூடாது, கடித்து விழுங்கித் தொண்டையில் சிக்கும். புதுப் பாயின் வாடையைப் பற்றியும் சிலர் பயப்படுகிறார்கள். ஃபார்மமைடு என்னும் வேதிப்பொருளுக்காக 2010-இல் பெல்ஜியம் பஸிள் பாய் விற்பனையை நிறுத்தியது உண்மை. பாய்மேல் விளையாடும் பிள்ளைக்கு அதனால் எவ்வளவு தீங்கு என்பது அவ்வளவு தெளிவான விஷயம் இல்லை. ஆனால் பிரித்து, காற்றோட்டமான இடத்தில் பல நாள் தொங்கவிட்ட பிறகு பயன்படுத்துவதற்குச் செலவே இல்லை. வாடை போகாத பாயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏறி விளையாடும் ஏணி, சறுக்குப் பலகைக்கு அடியில் இந்தப் பாய்கள் போதாது. அவற்றை டைல்ஸ் அறையில் வைக்காமல் இருப்பதே சரி.

தரைக் குளிர்ச்சியால் சளி வரும் என்ற அந்தத் தாயிடம் மரியாதையாகவே பேசுங்கள், நம் பாட்டிமார் எல்லாரும் சொன்னதுதான். சளி கிருமியால் வருகிறது, டைல்ஸால் வருவதில்லை. டைல்ஸ் நம் உடம்புச் சூட்டை வேகமாக இழுப்பதால் சில்லென்று தெரிகிறது; நம் ஊர் வெப்பத்தில் நடந்து திரியும் பிள்ளைக்கு அது கெடுதல் செய்யாது. ஈர உடம்போடு, ஏர்கோன் காற்றில், வெறும் டைல்ஸில் கைக்குழந்தையைப் படுக்கவைப்பது மட்டும் வேறு விஷயம், அங்கே குளிர் உண்மையாகவே பிடிக்கும். பாய் அதற்குத்தான்.

சப்பாத்துக்கு வருகிறேன். நடைபழகும் பிள்ளைக்கு வீட்டுக்குள் வெறுங்கால்தான் நல்லது என்பதே குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. பாதம் தரையை உணர்ந்து, விரல்கள் பிடித்து, சமநிலை பழகுகிறது. சப்பாத்து வெளியே போகும்போது காலைக் காப்பதற்கு. காலுறை மட்டும் போட்டு டைல்ஸில் விடுவது மூன்றிலும் மோசம். ஏர்கோன் அறையில் காலுறை வேண்டும் என்று பெற்றோர் வற்புறுத்தினால், அடியில் ரப்பர் புள்ளி உள்ளது, காலுக்குச் சரியான அளவு, தினம் மாற்றியது. புள்ளி தேய்ந்ததும் அது சாதாரணக் காலுறைதான். காலுக்குத் தாங்கி போடும் பிள்ளை, அல்லது மருத்துவர் தனிச் சப்பாத்து எழுதிக்கொடுத்த பிள்ளை இருந்தால் இந்த விதி பொருந்தாது. அந்தப் பிள்ளைக்கு வீட்டுக்குள் மட்டும் போடும் ஒரு ஜோடி வைத்து, பிசியோ (இயன்முறை மருத்துவர்) சொல்வதைப் பெற்றோரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, அதன்படி செய்யுங்கள்.

வெளிச் சப்பாத்து உள்ளே வரக்கூடாது என்பதில் நம் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. எந்த இனத்து வீட்டிலும் வாசலில் கழற்றுகிறார்கள். அதனால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை மட்டும் பிரித்துச் சொல்கிறேன். சப்பாத்தின் அடியில் மண், எலியின் சிறுநீர் கலந்த சேறு, நாய் பூனைக் கழிவிலுள்ள புழு முட்டை, பழைய கட்டடங்களின் ஈயப் பெயிண்ட் தூசி எல்லாம் வரலாம். பினாங்கு ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளில் பிள்ளை பார்ப்பவர்கள் ஈயத் தூசியைக் கூடுதலாக நினைக்கவேண்டும். தரையில் கைவைத்து அந்தக் கையை வாயில் வைக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் குறைவது நிச்சயமான லாபம். ஆனால் இந்த விதியால் கை, கால், வாய்ப்புண் நோய் வராது என்று பெற்றோருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அது எச்சில், கொப்புள நீர், மலம் வழியாக, பெரும்பாலும் கைகளாலும் பொம்மைகளாலும் பரவுகிறது. பெம்பர்ஸ் மாற்றியதும் சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவுவதுதான் அதற்குத் தடுப்பு. ஆல்கஹால் ஜெல் அந்தக் கிருமியிடம் சரியாக வேலை செய்யாது. வாந்தியோ பேதியோ தரையில் பட்டால் பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பி, கையுறை போட்டு, டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, சோப்பால் கழுவி, பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 20 மில்லி குளோராக்ஸ் வகை பிளீச் (சுமார் 5 விழுக்காடு ஹைப்போகுளோரைட் உள்ளது) கலந்து ஊற்றி 10 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். பின் நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். கலவையை அன்றன்றைக்குத்தான் செய்யவேண்டும். கழிவறை கழுவும் அமிலத்தோடு சேர்த்தால் நச்சுப் புகை வரும். சாதாரண நாளில் தரைக்கு சோப்புத் தண்ணீரே போதும்.

சப்பாத்து விதி சக்கரங்களுக்கும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தள்ளுவண்டியும் இழுத்து வரும் பள்ளிப் பையும் போர்ச்சிலேயே நிற்கட்டும். கிரில்லுக்கு வெளியே சொரசொரப்பான ரப்பர் கால்மிதி, உள்ளே உறிஞ்சும் கால்மிதி, இரண்டும் ஆளுக்கு இரண்டு எட்டு வைக்கும் நீளம். குடைக்கு ஒரு வாளி. குனிய முடியாத தாத்தா பாட்டிக்கு ஒரு நாற்காலி. அவர்களை நின்றபடி ஒற்றைக் காலில் சப்பாத்து கழற்றவைத்தால் விழுவது அவர்களாக இருக்கும். குழாய் பழுதுபார்க்க வருகிறவருக்குப் பிளாஸ்டிக் சப்பாத்து உறை கொடுக்காதீர்கள், டைல்ஸில் அது வழுக்கும். சுத்தமான சிலிப்பர் ஒன்று கொடுங்கள். வெளியே இரவெல்லாம் கிடந்த சப்பாத்தைப் பிள்ளைக்குப் போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள், பூரான் இருக்கும்.

இப்போது உங்கள் கால். காலை ஆறரைக்குத் தொடங்கி இரவு ஏழு வரை வெறுங்காலில் டைல்ஸில் நின்றால் குதிகால் வலி வராமல் இருக்காது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. நம் இந்தியரிடையே அதைவிட அதிகம். நீரிழிவு உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறையலாம்; குறைந்தால், பிள்ளை போட்ட லெகோவை மிதித்ததும் தெரியாது, புண்ணும் தெரியாது. அப்படிப்பட்டவர் வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நிற்கக்கூடாது. உள்ளே மட்டும் போடும், பின்பக்கம் குதிகாலைப் பிடிக்கும் வார் உள்ள, அடிப்புறம் மிருதுவான ரப்பரும் வரிப்பள்ளமும் கொண்ட செருப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். விரலிடுக்கில் மாட்டும் சிலிப்பரும், அடி வழவழப்பான துணிச் செருப்பும் பிள்ளையைத் தூக்கும் வேலைக்கு ஆகாது. குளியலறைச் செருப்பு குளியலறையிலேயே இருக்கட்டும். வாரம் ஒரு முறை அடிப்பாகத்தைச் சோப்பு போட்டுத் தேயுங்கள், எண்ணெய் ஏறினால் புது ரப்பரும் வழுக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. நான்கு முதல் ஒன்பது பிள்ளைகள் வரை வீட்டில் பார்த்தால் அது 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி வீட்டுத் தாஸ்கா (வீட்டிலேயே நடத்தும் குழந்தைப் பராமரிப்பு மையம்), சமூக நல இலாகாவில் பதியவேண்டும். ஒரு வயதுக்குக் கீழ் மூன்று பிள்ளைக்கு ஒருவர், ஒன்றிலிருந்து மூன்று வயதுக்கு ஐந்து பிள்ளைக்கு ஒருவர் என்பது விகிதம். உங்கள் ஆறு பேருக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மற்ற ஐவர் ஈரத்தில் ஓடாமல் பார்க்க இன்னொருவர் இல்லையென்றால், மேலே சொன்ன எதையும் சரியாகச் செய்ய முடியாது.

கடைசியாக, அவசரத்தில் வெளியேறும் வழி. சப்பாத்து அடுக்கு கிரில் கதவின் பாதையை மறிக்கக்கூடாது. கதவு முழுதாகத் திறக்கவேண்டும். பூட்டுச் சாவி உள்ளே, பிள்ளைக்கு எட்டாத, பெரியவர் கை நீட்டினால் எட்டும் ஆணியில் தொங்கட்டும். தீப்பிடித்தால் சப்பாத்து தேடி நிற்கக்கூடாது, வெறுங்காலோடு வெளியே போய்விடவேண்டும். ஆனால் நண்பகலில் தார் ரோடு பிஞ்சுக் காலைச் சுட்டுவிடும். அதனால் கேட்டுக்கு அருகில், போர்ச்சின் வெளி ஓரத்தில், மூடியுள்ள பெட்டியில் பிள்ளைக்கு ஒரு ஜோடி பழைய சிலிப்பர், பெயர் எழுதி வைத்திருங்கள். இந்த வயதில் கால் சீக்கிரம் வளரும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளவு பார்த்து மாற்றித்தரச் சொல்லிப் பெற்றோரிடம் கேளுங்கள்.